விதைக்கூடையில் இருந்த பிளாப்பி

சிங்காரம் அண்ணன் வீட்டிலேயே கம்ப்யூட்டர் கட்டினார். 1988-ல், ஜமுனாமரத்தூருக்கு மேலே, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து போகிற ஊரில். கிணற்று மோட்டாருக்கு ஒயரிங் செய்வதுதான் அவர் வேலை. ரேடியோவும் ரிப்பேர் பார்ப்பார். அவர் சிநேகிதர் ரஹ்மான் வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் இருந்தார். அங்கே கழித்துப்போட்ட போர்டுகளை ஒவ்வொன்றாக மலைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பலாப்பலகையில் பெட்டி அடித்தது அண்ணன். திரைக்குத்தான் வழியில்லை. வீட்டு டிவியைக் கழற்றி மாட்டிவிட்டார்.

வம்பு அங்கேதான் வந்தது. ஊருக்கே அது ஒன்றுதான் டிவி.

"ஞாயித்துக்கெழம படம் போட்றதுக்குள்ள உங்க பொட்டி ஓடணும். இல்லன்னா டிவிய பழையபடி மாட்டிட்டு இத மூட்ட கட்டிடுங்க" என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி வடிவு.

பெட்டி ஓடுவதற்கு வேண்டிய டாஸ் என்கிற புரோகிராம் முழுக்க ஒரே ஒரு பிளாப்பியில் இருந்தது. அதைச் செருகினால் விளக்கு எரியும், கர்ர் கர்ர் என்று சத்தம் வரும், பிறகு 'டிஸ்கைப் படிக்க முடியவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றுவிடும். அண்ணன் வோல்டேஜ் பார்த்தார். கேபிளைத் திருப்பிப் போட்டார். மெமரி சிப்புகளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். மறுபடியும் கர்ர் கர்ர்.

"இன்னா மாமா, உள்ள மரங்கொத்தி வச்சிகிறியா?" என்றான் வடிவின் தம்பி தசரதன்.

"உன்னத்தான் வைக்கலாம்னு பாத்தேன் மச்சான். தல கொள்ளல."

ஞாயிறு காலை ரஹ்மான் ஒரு காலி பிளாப்பியோடு வந்து சேர்ந்தார். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, டிஸ்கைப் படிக்கிற முனையைத் துடைத்தார். பஞ்சு கன்னங்கரேலென்று வந்தது. டீ கொண்டுவந்த வடிவு அதை வாங்கி மோந்து பார்த்தார்.

"இது நம்ம அடுப்புப் பொகையாச்சே."

அண்ணன், ரஹ்மான், தசரதன் மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"இந்த பிளாப்பியக் குடுத்தப்ப நீங்கதானே பாய் சொன்னீங்க, ஈரம் படக்கூடாது, கரையான் அண்டக்கூடாதுன்னு. சாமை வெதைய நாங்க எங்க வைக்கிறோம்? அடுப்புக்கு மேல பரண்லதானே. அந்தக் கூடையிலதான் வச்சேன். பொட்டி ரெடியானப்பறம்தான் எறக்குனேன்."

மலையில் அடுத்த வருஷத்துச் சோறே அந்தக் கூடைக்குள்தான் இருக்கும். வீட்டிலேயே உசத்தியான இடத்தைத்தான் அவர் பிளாப்பிக்குக் கொடுத்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

"நல்லவேளக்கா, வெதச்சுடாம வுட்டியே" என்றான் தசரதன்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. கத்தியால் பிளாப்பியின் கறுப்பு உறையை ஓரமாகக் கீறி, உள்ளே இருந்த வட்டத் தகட்டை உருவினார். அப்பளத்தை விட மெலிசு. மேலெல்லாம் கரி பிசுபிசுத்தது.

"குடுங்க, அலசிடறேன்" என்றார் வடிவு.

"தண்ணியிலயா? வேணாம் தங்கச்சி" என்று ரஹ்மான் எழுந்தே விட்டார்.

"கெட்டது இனிமே இன்னா பாய் கெடப்போவுது?"

வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு. குழந்தைக்கு முகம் கழுவுகிற மாதிரி கழுவி, பழைய வேட்டியில் போட்டு நிழலில் உலர்த்தினார். ரஹ்மான் கொண்டுவந்த காலி பிளாப்பியின் தகட்டை எடுத்துவிட்டு, அதன் உறைக்குள் இதைச் செருகினார் அண்ணன்.

அதற்குள் ஊர் ஜனம் படம் பார்க்கப் பாயோடு வந்து உட்கார்ந்துவிட்டது. அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரிந்தது. கர்ர் என்றது. திரையில் ஒரு வரி வந்தது.

"இன்னா கேக்குது?" என்றார் வடிவு.

"இன்னிக்கு இன்னா தேதின்னு கேக்குது" என்றார் அண்ணன்.

"பொழுது போற நேரத்துக்கு எழுந்து தேதி கேக்குதா? எங்க மாமாவேதான்" என்றான் தசரதன்.

தேதியைத் தட்டினார். 'A>' என்று வந்து நின்றது. டாஸ் ஏறிவிட்டது. ரஹ்மான் அண்ணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "படம் எப்பங்க வரும்?" என்றார்கள்.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆன்டெனா ஒயரை எடுத்தார். வடிவு கையைப் பிடித்தார்.

"இருங்க. எம்பேர அதுல போட்டுட்டு மாட்டுங்க."

தட்டினார். பெட்டி உடனே ஒரு வரி பதில் சொன்னது.

"என் பேரப் பாத்து இன்னா சொல்லுது?"

"இந்த உத்தரவு தனக்குத் தெரியாதாம் தங்கச்சி" என்றார் ரஹ்மான்.

"இந்த வூட்லதானே இருக்கப்போவுது" என்றார் வடிவு. "தெரிஞ்சிக்கும்."