சந்து வழியாகப் போன அண்ணன்

அண்ணா! உன்னை வாசல் வழியாக அனுப்ப எங்களால் முடியவில்லை. பெற்ற அப்பாவே தலையாட்டிவிட்டார். கூடப்பிறந்த தங்கை நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

எங்கள் தெருவில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பாடை தெருமுனை திரும்பும்வரை ஒரு வீட்டிலும் தறி ஓடாது. பெண்கள் தெருமுனைவரை கூடப் போவோம். அதற்குமேல் ஆண்கள் மட்டும்தான். அந்தக் கொஞ்ச தூரம்தான் எங்களுக்கு.

பிறகு தெருவுக்குத் தார் போட்டார்கள். மெட்ராஸிலிருந்து கல்யாணக் கூட்டம் பட்டுப்புடவை எடுக்க பஸ் பிடித்து வந்து இறங்கியது. மூன்றே வருஷத்தில் பாதித் தெருவை இடித்துக் கண்ணாடி வைத்த புடவைக் கடைகளும் ஒரு லாட்ஜும் கட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரரும் கடை வைத்தார். அப்பா அவருக்குத்தான் நெய்தார்.

அண்ணன் மஞ்சள் காமாலையில் போனான். இருபத்து மூன்று வயது. ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் நிறைய. பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்க்கடைக்காரர் வந்தார். துக்கம் கேட்க வருகிறார் என்று அம்மா எழுந்தாள்.

"தப்பா நெனச்சிக்காதீங்க மாமா" என்றார் அப்பாவிடம். "கடையில ரெண்டு கல்யாணப் பார்ட்டி உக்காந்துக்கினு இருக்குது. கூறைப்புடவை எடுக்கறப்ப எதிர்ல பொணம் போனா எழுந்து போயிடுவாங்க. பின்னாடி சந்து வழியா எடுத்துடுங்க. மோளமும் வேணாம்."

அம்மா கேட்டுவிட்டாள். "ஒங்கம்மா செத்தப்ப எம்புள்ள தான தோள் குடுத்தான்? அன்னிக்கு இந்தத் தெருவுல ஒரு தறி ஓடிச்சா?"

"அது அப்போ அத்தே. இப்போ இது கடைத்தெரு."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே, "சரிப்பா" என்றார்.

கக்கூஸ் வாளி எடுக்க வருகிறவர்கள் நடக்கிற சந்து அது. நாலு பேர் தோள்கொடுத்து நடக்க இடமில்லை. பாடையைக் கையில் பிடித்து, ஒருக்களித்துக் கொண்டுபோனார்கள். மாலை சுவரில் உரசிச் சாக்கடையில் விழுந்தது. சித்தப்பா அதைக் காலால் ஓரம் தள்ளினார். "பொம்பளைங்க வராதீங்க, எடமில்ல" என்று கத்தினார்.

சந்து முடிகிற இடத்திலாவது முகத்தைப் பார்த்துவிடலாம் என்று வாசல் வழியாக ஓடினேன். மிச்சமிருந்த தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. கடை ரேடியோவில் சினிமாப் பாட்டு. படியில் சோடா குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "மெதுவா போம்மா, புடவை எங்கியும் ஓடிடாது!" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நான் போனபோது தரையில் பொரி மட்டும் இறைந்து கிடந்தது.

காரியம் முடிந்த மறுநாளே அப்பா அதே கடையில் அடுத்த புடவை நெய்யப் பாவு நூல் வாங்கி வந்தார். வேறென்ன செய்வார்?

திருட்டுச் சாமானைக் கடத்துகிற மாதிரி என் அண்ணனைக் கொண்டுபோனார்கள். அவனோடு நாலடி நடக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் சரி, போன இடத்திலாவது அவனை மரியாதையாக உள்ளே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.