தை பிறக்கட்டும் என்றார் வீட்டுக்காரர்

சிவசாமி எதையும் மணி சொல்லாமல் பேசமாட்டார். ஆலங்குடித் தபால் அலுவலகத்தில் தந்திக் குமாஸ்தா. தந்தி வந்த நேரம், கொடுத்த நேரம், கையொப்பம் பெற்ற நேரம் என்று நாள் முழுதும் எழுதி எழுதி, அப்பழக்கம் அவர் நாவிலும் ஏறிவிட்டது. ஆதலால் இங்கு வரும் நேரங்கள் யாவும் அவர் வாய்மொழி. ஒரு நிமிடமும் கூட்டப்படவில்லை; குறைக்கப்படவுமில்லை. நடந்தது 1957ஆம் ஆண்டின் கார்த்திகையில். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததே இரண்டு முறைதான். இரண்டு முறையும் ஒரு சொல்கூட மாறவில்லை.

அவ்வாண்டு புரட்டாசி முதல் தேதியில் ஆலங்குடியிலேயே ஒரு வாடகை வீட்டுக்கு அவர் தனியாகக் குடிவந்தார். மனைவி செவந்தி தலைப்பிரசவத்துக்குக் கறம்பக்குடியில் தாய் வீட்டில் இருந்தாள். அம்மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. கார்த்திகை பன்னிரண்டாம் தேதி தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவதென்று முடிவாயிற்று.

ஓட்டு வீடு. ஒரு கூடம், ஓர் உள் அறை, பின்னால் சமையற்கட்டு. பிள்ளையை உறங்கவைக்கும் ஏணை கட்டுவதற்கான வளையம் உள் அறை உத்தரத்தில் மட்டுமே இருந்தது. வீட்டுக்காரர் சேவுகன், வல்லத்திராக்கோட்டையில் விவசாயம் பார்ப்பவர். சாவியைத் தெருவில் நின்றபடியே கொடுத்தார்.

"உள் ரூம்புல மாலைக்கு ஒரு வெளக்கும் ஒரு செம்புத் தண்ணியும் வச்சுப்புடுங்க சார். எங்க வீட்டுப் பழக்கம்" என்றார்.

சிவசாமி அதை மறுக்கவில்லை. நாள்தோறும் வைத்தார். காலையில் பார்த்தால் செம்பில் தண்ணீர் நான்கு விரற்கடை குறைந்திருக்கும். பூனை குடிக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

அவ்வறையின் மேலைச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் பூச்சு வேறு நிறமாக இருந்தது. தரையிலிருந்து மார்பளவு உயரம். இரண்டரை முழ அகலம். ஐப்பசி மழை பிடித்ததும் அதன் விளிம்பைச் சுற்றிக் கோடு கிழித்தாற்போல் விரிசல் கண்டது. சுவரின் மற்றப் பகுதி உலர்ந்திருக்க, அவ்விடம் மட்டும் ஊறிப் பருத்தது. விடியற்காலையில் அங்கிருந்து செம்பு வரைக்கும் தரையில் ஈரத் திட்டுகள் இருக்கும். ஒழுக்கு என்றே நினைத்தார். ஒழுக்கு ஏன் அடியடியாக இடைவெளி விட்டுச் சொட்ட வேண்டும் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

ஐப்பசி இருபத்திரண்டாம் தேதி காலை ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு அவ்விடத்திலிருந்து மூன்று செங்கற்கள் உள்ளே விழுந்தன. விழுந்த இடம், ஏணை தொங்கவேண்டிய வளையத்துக்கு நேர் கீழே.

 சிவசாமி அன்றே வல்லத்திராக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்.

சேவுகன் களத்தில் கடலைச் செடி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். தந்தியோட வந்திருக்கீகளா, வெறுங்கையோட வந்திருக்கீகளா?"

"செவரு இடிஞ்சு வருது, ஐயா. ஒடனே ஆள் விட்டுப் பாக்கணும்."

"அந்த மேலச் செவருதானே?"

எந்தச் சுவர் என்று சிவசாமி சொல்லியிருக்கவில்லை.

"ஆமா. எப்ப ஆள் விடுறீங்க?"

"மழையில செவத்தைத் தொட்டா நிக்காது. தை பொறக்கட்டும்."

"பச்சப் புள்ளை வருது, ஐயா. அது தலையில விழுந்தா?"

"புள்ளையக் கூடத்துல போடுங்க. ராசா வீட்டுப் புள்ளையே தரையில தவழுது. தந்தி ஆபீசுப் புள்ளைக்கு உள் ரூம்புதான் வேணுமாக்கும்."

மேலும் இரண்டு முறை போனார். இரண்டு முறையும் தை பிறக்கட்டும் என்பதே விடை. நான்காவதாக ரிஜிஸ்தர் தபாலில் கடிதம் எழுதினார். ஒரு வாரத்துக்குள் பழுது பார்க்காவிடில் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு மனுச் செய்யப்படும் என்று கண்டிருந்தது.

கார்த்திகை எட்டாம் தேதி காலை ஏழு மணிக்குச் சேவுகன் வந்தார். கடிதம் கையில் இருந்தது. தெருவிலேயே நின்றார்.

"உள்ள வந்து ஒரு தடவை பாருங்க" என்றார் சிவசாமி.

"இருக்கட்டும். காலெல்லாம் சேறு."

அன்று மழை இல்லை. தெருவில் புழுதி பறந்தது.

"கோர்ட்டு கச்சேரின்னு என்னைய இழுக்காதீக சார். கொத்தனாரை நீங்களே விட்டுப் பாத்துக்கங்க. ஆனா காரை போடவேணாம். மண்ணைக் கொழைச்சு லேசா அப்பிவிடச் சொல்லுங்க. செங்கல்லை நெருக்கிக் கட்டக்கூடாது. தைக்கு மேல நானே காரை போட்டுத் தாரேன்."

கஞ்சத்தனத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்று சிவசாமி மனத்துள் சொல்லிக்கொண்டார். மண் அப்பினால் அடுத்த மழைக்கு நிற்குமா? கொத்தனார் காஜா மைதீனை வரவழைத்து, நல்ல சுண்ணாம்புக் காரை போட்டு நெருக்கிக் கட்டச் சொன்னார்.

வேலை பத்தாம் தேதி நடந்தது. காலை ஒன்பதே காலுக்குச் சிவசாமி வாசலைப் பூட்டிச் சாவியோடு அலுவலகம் போனார். பழைய செங்கல்லை எடுத்துவிட்டு, மேலைச் சுவருக்கு வெளியே இருந்த சந்திலிருந்தே கட்டிவிடுவதாகக் காஜா மைதீன் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் வரவேண்டிய வேலை அவருக்கு இல்லை.

மாலை ஐந்து நாற்பதுக்குத் திரும்பியபோது சந்தில் ஆள் இல்லை. திறப்பு அடைபட்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தார். உட்புறமும் வழவழப்பாகப் பூசியிருந்தது. கொத்தனாரின் கரணை போட்ட பூச்சு அன்று. விரல்களால் தடவித் தடவி இழைத்த பூச்சு.

வீடு பூட்டியிருக்க, உட்புறத்தை எப்படிப் பூசினார் என்று ஒரு கணம் தோன்றிற்று. கல் வைக்கும்போதே திறப்பின் வழியே கையை நீட்டிப் பூசியிருப்பார் என்று அவரே விடையும் சொல்லிக்கொண்டார்.

விளக்கேற்றினார். செம்பில் தண்ணீர் வைத்தார். உள் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பிள்ளை வரப்போகிறது. சுவர் நின்றுவிட்டது. வெகு நாட்களுக்குப் பின் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று.

ஆறு ஐம்பதுக்கு உள்ளே செம்பு உருண்டது.

பூனை.

எழுந்திருக்க எண்ணியவர் அப்படியே இருந்தார். பூனை நுழைய வழி ஏது? இருந்த ஒரே வழியும் பகலில் அடைபட்டுவிட்டதே.

பிறகு ஓர் ஓசை.

தட்... தட்...

உள்ளங்கையால் சுவரைத் தட்டும் ஓசை. புதுப் பூச்சிலிருந்து வந்தது. வெளியிலிருந்து அன்று, அறைக்குள்ளிருந்து.

ஆறு ஐம்பத்தெட்டு. தட்டுவது நின்றது.

சர்ர்... சர்ர்...

தடவும் ஓசை. மெல்ல நகர்ந்தது. மேலைச் சுவரை விட்டு வடக்குச் சுவருக்கு வந்தது. மூலையில் சற்று நின்றது. மறுபடி நகர்ந்தது. கண் தெரியாதவர் வழி தேடுவதுபோல, ஓர் அங்குலத்தையும் விடாமல்.

மணி ஏழு எட்டு. கீழைச் சுவர்.

அது கூடத்துக்கும் அறைக்கும் நடுச்சுவர். அதில்தான் அவர் முதுகைச் சாய்த்திருந்தார்.

சர்ர்... சர்ர்...

முதுகுக்குப் பின்னால் வந்தது.

நின்றது.



மீண்டும் நகர்ந்தது. கதவை நோக்கி...

அதுவரை மண்ணில் கேட்ட ஓசை, மரத்தில் கேட்டது.

அவ்வளவுதான். சிவசாமி தெருவில் நின்றார். வாசற்கதவை இழுத்துச் சாத்திப் பூட்டியது நினைவிருந்தது. எழுந்து ஓடியது நினைவில்லை. சாவியைத் திருப்பும்போது ஏழு இருபது. வீட்டுக்குள்ளே உள் அறைக் கதவின் கீல் முனகிற்று.

இரவைத் தபால் அலுவலகத்து பெஞ்சியில் கழித்தார். விடிந்ததும் முதல் பஸ்ஸில் வல்லத்திராக்கோட்டைக்குப் போனார்.

சேவுகன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"காரை போட்டுட்டீகளா?"

"போட்டுட்டேன்."

"நெருக்கிக் கட்டியா?"

"ஆமா."

சேவுகன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"அடைக்கையில அவ உள்ள இருந்தாளா, வெளிய இருந்தாளா?"

"யாரு?"

"எந் தங்கச்சி. ராக்காயி."

அவள் அந்த வீட்டில் குடியிருந்தவள். ஆடி மாதம் காய்ச்சலில், அந்த உள் அறையில் இறந்தாள். இறந்த நட்சத்திரம் அவிட்டம். அவிட்டத்தில் இறந்தவரை வாசல் வழியே எடுத்தால் அதே வழியில் திரும்பி வருவார் என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. ஆகவே மேலைச் சுவரை இடித்து, அத்திறப்பின் வழியே எடுத்தார்கள். பின்பு செங்கல்லை லேசாக அடுக்கி மண்ணால் பூசிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டை அடைத்துப் போட வேண்டும். விளக்கும் தண்ணீரும் வைக்க வேண்டும். தை பிறந்தபின் சாந்தி கழித்து, காரையிட்டுச் சுவரைக் கட்டிக்கொள்ளலாம்.

"ஆறு மாசம் பூட்டிப் போடாம ரெண்டே மாசத்துல ஒங்களைக் கொண்டாந்து வச்சேன். எம் புத்தி. வெளக்கும் தண்ணியுந்தான் நீங்க வைக்கிறீகளேன்னு இருந்துட்டேன். கடைசியில தண்ணி தண்ணின்னுதான் சார் கேட்டா."

சேவுகன் எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"பயப்படாதீக. செவத்து வழியாப் போனவளுக்கு வாசல் தெரியாது. தெரியாத வரைக்கும் அந்த ரூம்பை விட்டு எங்கிட்டும் போகமாட்டா. காரையை இன்னைக்கே இடிச்சு விடுங்க. வழி கெடச்சா அவ பாட்டுக்குப் போயிருவா."

சிவசாமி ஆலங்குடியில் இறங்கியபோது பகல் ஒன்று பதினைந்து. கடப்பாரைக்கு ஆள் தேடுமுன் வீட்டை ஒரு முறை பார்த்துவிட எண்ணித் தெருவில் திரும்பினார்.

வாசற்கதவு திறந்து கிடந்தது.

பூட்டு வாசற்படியில் இருந்தது. பூட்டியபடியே இருந்தது. சாவி அவர் சட்டைப்பையில்.

கூடத்தில் செவந்தி, மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இப்புடிப் பாக்குறீங்க? நாளைக்கு அஷ்டமின்னு ஆத்தா இன்னைக்கே அனுப்பிருச்சு. அப்பா கடைத்தெருப் பக்கம் போயிருக்காக."

"கதவை யாரு தொறந்தா?"

"அந்த அக்காதான். ஒங்க சொந்தக்காரவுகளாக்கும்னு நெனச்சேன். கையெல்லாம் ஒரே சுண்ணாம்பு. தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். புள்ளைய வாங்கிட்டுப் போயி உள்ள போட்டிருக்காங்க."

"உள்ளயா?"

"ஏணை கட்டித்தான் இருக்கே."

சிவசாமி ஏணை கட்டவில்லை.

உள்ளே ஓடினார். ஒருவரும் இல்லை. பழஞ்சேலை ஒன்றில் கட்டிய ஏணை... மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பிள்ளை உறங்கிற்று. அதன் நெற்றியில் ஒரு விரல் அளவுக்குச் சுண்ணாம்புப் பொட்டு.

தொட்டுப் பார்த்தார். ஈரம்.

மேலைச் சுவரின் பூச்சு முழுவதும் உலர்ந்திருந்தது.

ஒன்றே முக்காலுக்குள் மனைவியையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வெளியேறினார். சாமான்களைப் பிறகு வேறு ஆட்கள் போய் எடுத்துவந்தனர். அன்று மாலையே சேவுகன் காரையை இடித்துவிட்டார். விளக்கும் தண்ணீரும் வைத்தார். ஆனால் மறுநாள் காலை செம்பில் தண்ணீர் குறையவில்லை. அதன்பின் ஒரு நாளும் குறையவில்லை.

பிள்ளைக்கு யாதொரு தீங்கும் நேரவில்லை. அந்த மட்டில் சிவசாமிக்கு ஆறுதல். எனினும் ஒன்று மட்டும் அவருக்கு விளங்கவில்லை. வாசல் தெரியாதவளுக்கு வாசல் எப்படித் தெரிந்தது?

பத்து நாள் கழித்து, மணியார்டர் அனுப்புவதற்காகக் காஜா மைதீன் தபால் அலுவலகத்துக்கு வந்தார். காலை பதினொன்று பத்து. சிவசாமியிடம் படிவத்தை எழுதச் சொல்லிவிட்டு ஜன்னலருகே நின்றார்.

"செவரு நிக்குதா சார்? நிக்கும். நல்ல காரை. ஒங்க வீட்டம்மாவும் கெட்டிக்காரவுக. நான் வெளியேருந்து கல்லு வைக்க வைக்க, உள்ளேருந்து கையாலயே தடவி அடைச்சுக்கிட்டு வந்தாங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்."

சிவசாமியின் பேனா நின்றது.

"மொகத்தைப் பாத்தீங்களா?"

"எங்க பாக்க? உள்ள இருட்டு. கை மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. கடைசிக் கல்லு வைக்கையில ஒரு வார்த்தை கேட்டாங்க. இதையும் அடைச்சுப்புட்டா நான் எங்கிட்டுப் போறதுன்னு. வெளையாட்டுக்குக் கேக்குறாங்கன்னு நெனச்சு, ஏந்தாயி, அங்கிட்டுத்தான் வாசல் இருக்குதே, அதுல போங்கன்னேன்."

 காஜா மைதீன் முகத்திலிருந்த சிரிப்புக் குறைந்தது.

"செத்த நேரம் சத்தமில்லை. நான் கல்லை வச்சு அடைச்சுட்டேன். அதுக்கப்புறம் உள்ளேருந்து... 'வாசல் ஒண்ணு இருக்கா?'ன்னு கேட்டாங்க சார்."