மெயினை இறக்காத மதியம்

பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு மெயின் பெட்டி. அதன் கறுப்புக் கைப்பிடியை நினைத்தால் இன்றைக்கும் என் உள்ளங்கை வேர்க்கிறது. எங்கள் புதூர்நாட்டு மலைப் பக்கம் இடி சும்மா போகாது. ஒருதரம் இரண்டு கம்ப்யூட்டரைக் கருக்கிவிட்டுப் போனது. அதிலிருந்து, இடி கேட்டால் ஆயா ஓடிப்போய் மெயினை இறக்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர், எங்களுக்குப் பெரிய சார், அவர் போட்ட உத்தரவு. நான்தான் அந்த ஆயா. அஞ்சாவது வரைக்கும் படித்தவள், யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசாதவள்.

வாணியம்பாடியிலிருந்து ஜீப்பில் ஏறி வரும் கம்ப்யூட்டர் டீச்சரம்மா, பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளின் பேர், பிறந்த தேதி எல்லாம் இருந்த ஃபைலை ஒரு நாள் மதியம் திருத்திக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். என்னையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கேட்டுச் சேர்த்த விவரம். என் பேத்தி பேரும் அதில் இருந்தது. ஒவ்வொன்றாகத் திருத்த நேரமில்லை என்று, கம்ப்யூட்டருக்குப் புரிகிற பாஷையில் சில வரிகள் எழுதி, ஃபைலைப் படித்துத் திருத்தித் திரும்ப எழுதும் வேலையை அதனிடமே விட்டார். படித்தது. திரும்ப எழுதும்போது, தமிழில் இருந்த ஒரு பேரில் தடுக்கி நின்றுவிட்டது.

டீச்சரம்மா முகம் வெளுத்துப்போனது. துடைப்பத்தோடு நின்றிருந்த நான், "இன்னா டீச்சரம்மா?" என்றேன்.

"எழுதறதுக்குன்னு ஃபைலைத் தெறந்தா, மொதல்ல பழசெல்லாம் தொடச்சிடும் ஆயாம்மா. தொடச்சிடுச்சி. புதுசு இன்னும் ஏறல. படிச்சது இதோட நெனப்புல மட்டும்தான் இருக்குது. கரண்ட் போனா அதுவும் போச்சு. வேற காப்பி எடுத்து வெக்கல."

தினமும் கரும்பலகை துடைக்கிறவளுக்கு அது புரியாமலா போகும். துடைத்த பலகைக்கும் அதில் விழப்போகும் முதல் எழுத்துக்கும் நடுவில் எங்கள் மலைப் பிள்ளைகள் அத்தனை பேரும் நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து மலை உறுமியது. வராந்தாவிலிருந்து பெரிய சார், மெயினை இறக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். என் கை தானாக மேலே போனது. அதை இழுத்துக்கொண்டு, பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். விளக்கு ஒருதரம் மங்கி வந்தது. சார் வாசலுக்கே வந்துவிட்டார். "காது கேக்கலியா? இன்னொரு மிஷின் போனா நீங்களா வாங்கித் தருவீங்க?"

இடி இறங்கினால் முதலில் என் முதுகில்தான் என்று நினைத்துக்கொண்டேன். "டீச்சரம்மா எழுதறாங்க சார். முடிக்கட்டும்" என்றேன். அவருக்குக் கேட்டதோ என்னவோ. அவரும் நகரவில்லை, நானும் நகரவில்லை.

டீச்சரம்மா எதையோ மாற்றித் தட்டினார். "எழுதிடுச்சி" என்றார். நான் கைப்பிடிப் பக்கம் திரும்பினேன்.

"இருங்க, இன்னும் மூடல. ஃபைலை மூடினாத்தான் எல்லாம் உள்ள போய் நிக்கும்."

அந்த ஒரு வரியை அவர் தட்டி முடிக்கும் வரை கைப்பிடிமேல் கை வைத்தபடி நின்றேன்.

"மூடிட்டேன். எறக்குங்க."

இறக்கினேன். மழை விட்டதும் திறந்து பார்த்தோம். எல்லாப் பேரும் இருந்தது. அனுப்பிவிட்டு, டீச்சரம்மா மேசைமேல் தலை சாய்த்து அழுதார்.

இப்போது அவர் மாற்றலாகிக் கீழே போய்விட்டார். பேத்தியும் திருப்பத்தூரில் காலேஜில் இருக்கிறாள். என் வீட்டில் பல்பும் மிக்சியும் தவிர வேறொன்றும் கிடையாது. இருந்தும் இடி கேட்டால், மெயின்மேல் கை வைத்தபடி, ஆள் இல்லாத வீட்டைப் பார்த்து, "மூடிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் இறக்குகிறேன்.