வெள்ளைச்சோணைக்கு எழுதிக் கொடுத்த கிரீம்

மதுரை ஆனையூர் மெயின் ரோட்டில் எனக்கு ஒரு மருந்துக்கடை. பிள்ளைக்குச் சளி, அப்பாவுக்கு மூட்டுவலி, எதுவானாலும் ஜனங்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும், "அண்ணே, இம்புட்டு மாத்திரையும் சாப்பிடணுமா?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்கள். நானும் பெரிய மனுஷன் மாதிரி இரண்டை ஓரம் தள்ளிவிட்டு, "இது போதும்" என்பேன். படித்தது டிப்ளமோதான். ஆனால் அந்தத் தெருவுக்கு நான் பாதி டாக்டர். அந்த மிதப்பு எனக்கு நன்றாகவே இருந்தது.

கடைக்கு எதிரே காலி மனையில் சோணைமுத்து பைக் ஸ்டாண்டு பார்த்துக்கொண்டிருந்தான். கூரை கிடையாது. காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் நின்று டோக்கன் கொடுப்பான். பிறவியிலேயே அவன் உடம்பில் நிறம் இல்லை. முடி, புருவம், எல்லாமே வெளுப்பு. தெருவில் அவனுக்கு வெள்ளைச்சோணை என்றுதான் பெயர்.

பேரையூர்ப் பக்கம் பருத்தி வெள்ளாமை செய்கிற குடும்பம். அப்பன் நல்லகாமனும் ஆத்தாளும் நல்ல கறுப்பு. பிள்ளை பிறந்தபோது ஊர் அந்தப் பெண்ணைப் பேசிய பேச்சைக் காதுகொண்டு கேட்க முடியாதாம். நல்லகாமன் மட்டும், "எம்புள்ளதான்டா" என்று தூக்கிக்கொண்டாராம். பள்ளிக்கூடத்தில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தும் போர்டு தெரியாமல், ஐந்தாம் வகுப்போடு நின்றான். அதற்குப் பிறகு பருத்திக்காடு, வெயில். முனீஸ்வரியைக் கட்டிக்கொடுத்தபோது அவள் வீட்டார், "மாப்ள தக்காளி மாதிரி செவப்பு" என்று பெருமையடித்தார்களாம். அந்தச் செவப்பு வெந்த தோல் என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் மதுரைக்கு வந்தான்.

இருபத்தைந்து வயதில் கழுத்துத் தோல் தடித்துச் சுருங்கிவிட்டது. முப்பதில், பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகள் எழுந்து, "உக்காருங்க தாத்தா" என்றன. "ஓசியில கெடச்ச சீட்டுண்ணே, எதுக்கு விடணும்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான்.

முப்பத்தொன்றில் காது மடலில் சொரசொரவென்று ஒரு தடிப்பு வந்தது. பெரியாஸ்பத்திரியில் தோல் டாக்டரம்மா அதை எடுத்துவிட்டு, வெயில் தடுப்புக் கிரீம் எழுதிக் கொடுத்தார். தினமும் காலையில் முகம், காது, கழுத்து, கை எல்லாம் பூச வேண்டும். மதியம் மறுபடியும் பூச வேண்டும். முழுக்கைச் சட்டை, அகலமான தொப்பி. ஆயுசு முழுக்க விடக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த மருந்துச் சீட்டோடு என் கடைக்கு வந்தான். சாயங்காலக் கூட்டம். முகம் வெளுக்கிற கிரீம் தினம் பத்து டியூபாவது போகிற கடை அது. சீட்டைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏப்பா சோணை, ஊரே வெள்ளையாகணும்னு கிரீம் வாங்குது. நீ இன்னும் எம்புட்டு வெள்ளையாகப் போற? ஒனக்கெதுக்குய்யா இது, போய்யா!"

நாலு பேர் சிரித்தார்கள். சோணையும் சிரித்தான். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

நிறமில்லாத தோலை வெயில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன், பரீட்சையும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். அப்புறம் மறந்தே போனேன். அவன் தினமும் என் கண்ணெதிரே அதே வெயிலில்தான் நின்றான்.

அடுத்த வருஷம் அதே காதில் புண். "ஆறவே மாட்டேங்குதுண்ணே" என்று வந்தான். மூன்று தடவை களிம்பு கொடுத்தேன். நாலாவது தடவை ரத்தம் கசிந்ததைப் பார்த்துப் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். புற்றுநோய் என்றார்கள். காதை எடுத்தார்கள். ஆறே மாதத்தில் கழுத்தில் கட்டி கிளம்பியது. கரண்டு என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், அதற்கும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

போன பங்குனியில் பார்க்கப் போனேன். அவனுக்குக் கண் கூசுகிறது என்று முனீஸ்வரி ஜன்னலில் சேலையைக் கட்டியிருந்தாள். முப்பத்துநாலு வயசுக்காரன் பாயில் கிழவனாகக் கிடந்தான். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சோணை, அன்னைக்கு நாலு பேரு முன்னாடி ஒன்னயக் கிண்டல் பண்ணிட்டேன். அந்தக் கோவத்துலதானே கிரீம் வாங்காம விட்ட? என்னைய மன்னிச்சிருய்யா."

அவன் புரியாமல் என்னையே பார்த்தான். வாய் முழுசாகத் திறக்க வரவில்லை.

"கிண்டலாண்ணே?" என்றான். "நீங்க மருந்து தெரிஞ்சவுக. வேணாம்னு சொன்னீக. அதான் போடல."