சாம்பிராணி தாங்கும் கம்ப்யூட்டர்

பிலிமத்தலாவையில் எங்கள் லொறி புக்கிங் ஆபீஸ். ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். லொறி என் பொறுப்பு. பில் அடிப்பது மனைவி.

வெள்ளிக்கிழமை அந்த வாரத்துப் பில் எல்லாம் லொறியில் போயாக வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் தானாக அணைந்துவிடும். கடைசிப் பில் வர இருட்டிவிடும். பில் பிந்தியதால் சில ஆட்கள் வேறு லொறிக்குப் போய்விட்டார்கள். மிச்சப் பேரையாவது பிடித்து வைக்க வேண்டும்.

"கண்ணு பட்டிருச்சுங்க" என்றாள் மனைவி. சாமிக்குக் காட்டும் சாம்பிராணியைக் கம்ப்யூட்டருக்கும் காட்டினாள். அணைய அணைய இன்னும் காட்டினாள். பக்கத்து ஓட்டைகளில் பிடித்தால் உள்ளே இருக்கும் காத்தாடி புகையை இழுத்துக்கொள்ளும்.

"பாத்தீங்களா, ஏத்துக்குது" என்பாள்.

அக்குறணையில் உள்ள கம்ப்யூட்டர் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்கார முஸ்லிம் நானா மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார். காத்தாடி முழுக்கக் கறுப்புப் பிசின். அதில் தூசு அப்பிக் கிடந்தது. காத்தாடி சுற்றாமல் சூடேறித்தான் அணைந்திருக்கிறது.

"மொதலாளி, எங்கட ஊட்டுலயும் சாம்பிராணி புடிக்கிற. கம்ப்யூட்டர்ட மூஞ்சிக்குப் புடிக்கிற இல்ல."

"நிப்பாட்டச் சொல்ல முடியாது நானா. வீட்டுல சோறு கிடைக்காது."

சிரித்தார். காத்தாடியே இல்லாத சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பெட்டி முழுக்க வரிவரியாக அலுமினியத் தகடு. அதுதான் சூட்டை வெளியே தள்ளுமாம்.

"ஆனா உள்ளுக்குப் போடுற ப்ராசசர் சூடாகாததா இருக்கோணும். வழமையாப் போடுற அறுபத்தஞ்சு வாட் இதுக்குச் சரிவராது. முப்பத்தஞ்சு போடுவோம். கொஞ்சம் மெதுவு."

"பில் அடிக்கும்போது மெதுவு தெரியுமா?"

"பில்லுக்கு விளங்காது. வீடியோ வெட்டி ஒட்டினாத்தான் விளங்கும்."

"அதைவிடக் குறைஞ்சது?"

"பதினஞ்சு வாட்லயும் ஒண்ணு ஈக்கி. ஆனா அது போர்டோட ஒட்டினது. பழுதானா போர்டோட வீசோணும்."

கழற்ற முடியாத சாமான் லொறிக்காரனுக்கு ஆகாது. முப்பத்தஞ்சையே போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனைவி தூபக்காலோடு வந்தாள். பெட்டியைச் சுற்றி மூன்று தரம் காட்டினாள். புகை மேலே போனது. பெட்டி ஒன்றையும் இழுக்கவில்லை.

"இது ஏத்துக்கலையே?" என்றாள். முகம் வாடியது.

"வயிறு நெறஞ்சிருக்கும்" என்றேன்.

முறைத்தாள். உட்கார்ந்து அடிக்கத் தொடங்கினாள். நான் வாசலில் நின்றேன். பிரிண்டர் நிற்காமல் ஓடியது. நடுவில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். "வெதுவெதுன்னு இருக்குங்க" என்றாள். அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னமே கடைசிப் பில்லும் வந்துவிட்டது. டிரைவரிடம் கொடுத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னாண்ணே, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

"போய்யா" என்றேன். லொறி போனது.