மாஸ்டரின் தொள்ளாயிரம் வாக்கியங்கள்

என் தம்பி கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். கை சுத்தம், வாய் சுத்தம். இவ்வளவு சுத்தம் ஆகாதுடா என்று நான் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்குச் சுத்தம். வேலை முடிந்த வீட்டில் கீபோர்டைத் தட்டித் தூசி எடுப்பான், ஒயர்களைக் கட்டி ஒழுங்குபண்ணுவான், வேண்டாத ஃபைல்களையெல்லாம் அழித்துவிட்டுத்தான் பையைத் தூக்குவான். கேட்டால், "வந்ததுதான் வந்தோம், அரைகுறையா விட்டுட்டு வரச் சொல்றியா?" என்பான். கடையில் போன் எடுப்பது நான். அந்தப் போனையும் நான்தான் எடுத்தேன்.

பேசியது ஒரு டிரைவிங் மாஸ்டரின் மனைவி. ஏதோ அப்டேட் தானாக ஓடியதாம். அதிலிருந்து கம்ப்யூட்டர் பாதி வரை வந்து அணைகிறதாம், மறுபடி பாதி வரை வருகிறதாம். "ரொம்ப அவசரங்க" என்றார். என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் எல்லாமே அவசரம்தானே.

தம்பி போனபோது மாஸ்டர் மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் கோளாறு பிடிபட்டது. பழையதையெல்லாம் மூட்டை கட்டி ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்ட அப்டேட், புதியதை வைக்க இடமில்லாமல் நடுவில் நின்றிருக்கிறது.

"முக்கியமானது ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டான்.

"போட்டோதாம்ப்பா."

போட்டோக்களை ஒன்றுவிடாமல் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தான். பிறகு அந்த மூட்டையை அழித்தான். கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடியது. திருப்தியாக வந்து சேர்ந்தான்.

மறுநாள் அந்த அம்மா அழுதுகொண்டே போன் செய்தார். அப்போதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

மாஸ்டருக்குத் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் குரல் போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், இரண்டு வாரம் உட்கார்ந்து தொள்ளாயிரம் வாக்கியங்களைத் தன் குரலில் பதிவு செய்திருக்கிறார். பட்டியல் போட்டது மனைவி. "சாப்பிட்டியா?", "கதவைச் சாத்து", "பிரேக்கை மிதிடா, பிரேக்கை!" திட்டுகள் மட்டுமே முப்பது. அதெல்லாம் எதற்கு என்றாராம் மாஸ்டர். "திட்டாம இருந்தா அது நீங்கன்னு யார் நம்புவா?" என்று அந்த அம்மா விடாமல் பேச வைத்திருக்கிறார். ஆபரேஷன் முடிந்து குரல் போன பிறகு, அவர் பட்டனைத் தட்டினால் கம்ப்யூட்டர் அவர் குரலிலேயே சொல்லும். குரல் அதற்குள் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியும். அதுவும் போட்டோ மாதிரி ஒரு ஃபைல், அழித்தால் அழியும் என்பது தெரியாது.

தம்பி கம்ப்யூட்டரைக் கடைக்குத் தூக்கி வந்தான். மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் தோண்டினான். பெயர்கள் கிடைத்தன. 'சாப்பிட்டியா' என்ற ஃபைலைத் திறந்தால் சத்தமே இல்லை. தொள்ளாயிரத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"போதும்டா" என்றேன்.

"இரு அக்கா, ஒண்ணாவது இருக்கும்."

ஒன்றுகூட இல்லை. அவன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, டீ வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தேன்.

திருப்பிக் கொடுக்கப் போன அன்று, கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பொதுக் குரலைப் போட்டுக் கொடுத்தான். செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஓர் ஆண் குரல். மாஸ்டர் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு நிதானமாகத் தட்டினார்.

"பரவாயில்லை தம்பி. நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை" என்றது அந்தக் குரல்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தம்பி, இந்தச் சத்தத்தை நிறுத்திடுப்பா. அவர் எழுதிக் காட்டட்டும், நான் படிச்சுக்கிறேன். படிக்கும்போது எனக்கு அவர் குரல்லதான் கேக்குது. இதைக் கேட்டுக்கிட்டே இருந்தா அதுவும் போயிடும்."

தம்பி சத்தத்தை நிறுத்தினான்.