‘சும்மா’ என்று பெயரிட்ட கோப்பு

கல்குடாவில் அக்கா வீட்டுக் கிணற்றடியில் நின்றபோது கைபேசி அடித்தது. என்னோடு அச்சகத்தில் வேலை செய்த ஹனீபா காக்காவின் மூத்த மகன். “அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டாரு. பகல் ளுஹர் தொழுகையோட அடக்கிறம். கெதியா வாங்க,” என்றான். ஈரக் காலோடு ஓடினேன். வாழைச்சேனையில் பஸ் ஆளுக்காகக் காத்து நின்றது. காத்தான்குடியில் இறங்கியபோது, அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து ஆட்கள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். மகன் என் கையைப் பிடித்தான். “உங்களக் கொஞ்சம் பாத்து நிண்டம் அங்கிள். மறுகா சுணங்க ஏலா எண்டுட்டாங்க.” முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லை. அந்தக் கவலை எனக்குத் தீராது.

புளியந்தீவில் எங்கள் அச்சகத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் காக்காவைத் தெரியும். சாவு விழுந்த வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலரை அவரும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்து செய்தோம். பந்திகளைக் கணினியில் தட்டுவது நான், படம் திருத்துவதும் பக்கம் அமைப்பதும் அவர். படத்தில் அப்பாவை இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்கச் சொல்லிப் பிள்ளைகள் கேட்பார்கள். “வெள்ளையாக்கினா உங்கட வாப்பா இல்ல மனே, வேற யாரோ,” என்று சொல்லிவிட்டு அப்படியே வைப்பார். கோபித்துக்கொண்டு போனவர்கள்கூட மலரைக் கையில் வாங்கியதும் அந்தப் படத்தைத் தடவிப் பார்த்திருக்கிறார்கள்.

நான் படுவான்கரையான். தினமும் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் படகில் வாவியைக் கடந்துதான் வேலைக்கு வரவேண்டும். காற்று அடித்தால் பாதை சுணங்கும். காற்று அடிக்காத நாளிலும் நான் சுணங்குவேன், அது வேறு கதை. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொள்வார். காக்கா மட்டும், “வாவித் தண்ணிய இறைச்சுப் போட்டு நடந்து வந்தியா?” என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் தேத்தண்ணிக்குச் சொல்லி அனுப்புவார். அவர் முன்னாலேயே குடித்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

போன மாரிக்குப் பிறகு பழைய கணினி முனகத் தொடங்கியது. எந்த நேரமும் மூச்சு நின்றுபோகலாம் என்று அதைத் திருத்த வந்தவர் சொன்னார். முதலாளி புதியது வாங்கினார். “முடிஞ்ச வேலையெல்லாம் எதுக்கு? இந்த வருஷத்து வேலைய மட்டும் புதுசுக்கு மாத்துங்க,” என்றார். காக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முடிஞ்சது நம்மட வேல மட்டுந்தான் முதலாளி,” என்றார்.

எதை முதலில் புதியதற்குக் கொண்டுபோவது என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் வாக்குவாதம். நான் கலியாணக் காட் என்றேன். அதற்குத்தான் ஆள் வரும், பழைய வடிவங்கள் உதவும். அவர் தலையாட்டவில்லை. “கலியாணம் செஞ்சாக்கள் இரிக்காங்க. திரும்பப் படம் புடிக்கலாம். மௌத்தானவங்கள முதல்ல ஏத்து.”

எனக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனால் அந்த வாரமே ஒரு பெண் வந்தார். வெள்ளத்தில் வீட்டு அல்பம் ஊறிப்போய்ப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. தாயின் முகம் எங்குமே மிஞ்சவில்லை. தாய்க்கு நாங்கள் செய்த பழைய மலரின் கோப்பைக் காக்கா தேடி எடுத்து, படத்தை அட்டைத் தாளில் அடித்துக் கொடுத்தார். அந்தப் பெண் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து, “அம்மாட மூக்குத்தியும் தெரியுது,” என்றார். அவர் போனதும் நான் என் கலியாணக் காட்டுகளை ஒதுக்கி வைத்தேன். காக்கா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, நல்ல மனிதர்.

இடையில் ‘சும்மா’ என்ற பெயரில் ஒரு கோப்பு வந்தது. என்ன இது என்று கேட்டேன். “புது எழுத்துரு வந்தா எப்பிடி விழுது எண்டு தட்டிப் பாக்கிறது. விடு மனே, அது சும்மாதான்.” விட்டுவிட்டேன். வேலை பாதியில் நிற்க, நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்று அவர் வீட்டுக்குப் போனார். பிறகு வரவில்லை.

மீதியை நான் தனியே ஏற்றி முடித்தேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மலர் செய்த மனிதருக்கு ஒரு மலர் செய்ய எனக்கு வழியில்லை. முஸ்லிம் வீடுகளில் அது வழக்கம் இல்லை. துக்கத்துக்கு என் கைக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கை சும்மா இருக்க முடியாமல்தான், பழைய கணினியை அணைக்குமுன் அந்தக் கோப்பைத் திறந்தேன்.

பக்கம் பக்கமாக ஒரே வரி. தடித்த எழுத்தில், மெல்லிய எழுத்தில், சாய்ந்த எழுத்தில், இப்போது யாரும் பாவிக்காத பழைய எழுத்துகளில்:

“பாலன் இன்னும் வரல்ல. அவன் வந்த மறுகா தேத்தண்ணி.”

பாலன் நான்தான். நான் வந்த பிறகுதான் அவருக்கும் தேத்தண்ணி. எத்தனை வருசத்துக் காலைகள் அவை. மேசையில் தலையை வைத்து அழுதேன். முதலாளி வெளியே போய் நின்றுகொண்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கோப்பு ஒன்றுதான். பழைய கணினியிலிருந்து கடைசியாக ஏறியதும் அதுதான். ஏற்றுவதற்கு முன், கடைசிப் பக்கத்தின் அடியில் “வந்திட்டன் காக்கா” என்று தட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். அதில் நான் இன்னும் வராமலே இருக்கட்டும். வந்துவிட்டால் அவர் காத்திருப்பதை நிறுத்திவிடுவார்.